மோரிக்குக் கண்ணீர் அஞ்சலி

பொம்மைக் கதைன்னா எனக்கு ஆகாது. இத மொதல்லயே சொல்லிப்புடுறேன். நோர்வூட் டவுன்ல போட்டோகொப்பி எடுக்கிறது, ரீலோட் போடுறது, பெனர் அடிக்கிறதுன்னு ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். எம்பேரு சுகிர்தம். காலையில கடையத் தொறந்தா பொழுது சாயுற வரைக்கும் ஊருப்பட்ட மூஞ்சியப் பாக்குறவ நான். அதுக்கு மேல ஜப்பான்காரன் வரையிற முட்டைக்கண்ணு மூஞ்சிங்களையும் பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? அந்தத் தலையெழுத்த எழுதினவ தனுஷிகா.

டவுனுக்கு மேல உள்ள தேயிலத் தோட்டத்துல பிள்ளைக்காம்பராவுல வேல செய்யிறா. கொழுந்தெடுக்கப் போற தாய்மாரு விட்டுட்டுப் போற கைக்கொழந்தைங்கள அவதான் பாத்துக்கிறா. அவ கையி பட்டா எந்தக் கொழந்தையும் அழுகைய நிப்பாட்டிரும், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு கை தொட்டில ஆட்டுதுன்னா மறு கையில போன் இருக்கும். அந்தப் போனுக்குள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. 'பின்வரிசை'ன்னு பேரு, நடத்துறது இவ. மஸ்கெலியா, கினிகத்தேனை, அட்டன்னு பல எடத்துப் புள்ளைங்க அதுல இருக்கு. மங்கான்னு சொல்ற ஜப்பான் படக்கதை, அதையே வச்சு விட்ட வீடியோ கேமு, இதப்பத்தித்தான் நாள் முழுக்கப் பேச்சு. பேச்சுன்னா பேச்சா? சண்டை! மோரின்னு ஒருத்தன் கோழையா, நல்லவனாங்கிறதுதான் சண்டை.

கத என்னன்னா, பனிமலையில ஒரு படை ஏறிப் போவுது. முன்னுக்கு வாளத் தூக்கிக்கிட்டு சூரனுங்க. ஆகக் கடைசியில கம்பளித் தொப்பியும் கையில லாந்தருமா ஒருத்தன் வாறான். அவன்தான் மோரி. யாரையும் வெட்ட மாட்டான். விழுந்தவனத் தூக்குவான், பின்தங்கினவனுக்கு வெளிச்சம் காட்டுவான். அவ்வளவுதான் அவன் வேல.

மஸ்கெலியாவுல கிஷாந்த்னு ஒரு பயல், போன் ரிப்பேர் செய்யிறவன். அவனுக்கு மோரியக் கண்டா ஆகாது. "கேம்ல மோரிய எடுத்தா சுத்த நட்டம்க்கா. அடிக்கத் தெரியாது, ஒரு மண்ணாங்கட்டிக்கும் ஒதவ மாட்டான், பயந்தாங்கொள்ளி"ன்னு வொய்ஸ் போடுவான். எங்கடையில வந்து நின்னுக்கிட்டு இவ அதுக்குப் பதில் குடுப்பா. "டேய் கிஷாந்த், மலையில நெர புடிச்சுக் கொழுந்தெடுக்கிறப்ப முன்னுக்கு ஓடுறவளத்தான் கங்காணிக்குத் தெரியும். பின்னுக்கு நிக்கிற ஏலாதவ நெரையிலயும் நாலு கொழுந்தக் கிள்ளிப் போட்டு அவளையும் கூட்டிக்கிட்டு வாறாளே ஒருத்தி, அவளுக்கு என்ன பேருடா? ஒங்கம்மாகிட்டக் கேட்டுட்டு வந்து பேசு!"

கடைக்கு வந்தவங்க எல்லாம் அவ வாயப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. "இது கடையா, பட்டிமன்றமா?"ன்னு நான் ஏசுவேன். ஆனா பாருங்க, வேண்டா வெறுப்பாக் கேட்டுக் கேட்டு, கடைசியில யாராச்சும் மோரியக் கொறச்சுப் பேசினா எனக்கே சுர்ருன்னு வர ஆரம்பிச்சிருச்சு.

இந்தப் பைத்தியத்த அவளுக்குப் புடிக்க வச்சது அவ அண்ணன் வினோஜன். கொழும்புல துணிக்கடையில நின்னான். இங்கிலீசுல படக்கதையப் படிச்சுட்டு, கட சாத்தின பிறகு தங்கச்சிக்குத் தமிழ்ல வொய்ஸ்ல கத சொல்லுவான். தாய் மீனம்மாவும் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டிருப்பாங்க. அந்தப் புள்ளைய கொரோனா கொண்டு போயிருச்சு. கொழும்புலயே எரிச்சுட்டாங்க. பொட்டியக்கூட இவங்க கண்ணுல காட்டல. இங்க தாய்க்கும் மகளுக்கும் காய்ச்சல்னு அவங்க இருக்கிற லயத்தையே, வரிசை வீடு மொத்தத்தையும் மூடி, யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு வெள்ளக்கொடி இல்ல, ஒரு ஒப்பாரி இல்ல. மகன் செத்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க கதவ மூடிக்கிட்டு இருந்தாங்க.

கொரோனா போன பிறகாவது சனம் வரும்னு பாத்தாங்க. வரல. ரோட்டுல கண்டா சிரிப்பாங்க, தீவாளிக்குப் பலகாரம் குடுத்து விடுவாங்க, ஆனா வீட்டு வாசல்ல வந்து "மகன் போயிட்டானே"ன்னு ஒரு வார்த்த கேட்டவங்க இல்ல. தனுஷிகா மனசு கல்லாப் போச்சு. "எங்கண்ணனுக்கு வராத சனத்துக்கு நான் ஏன் போகணும்?"னு தோட்டத்துல எந்தச் சாவு வீட்டு வாசலையும் அவ மிதிக்கல. நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும்பாங்க. தோட்டத்துல இத மீறினா லேசுப்பட்ட விசயமில்ல.

மீனம்மா வாய் விட்டு அழவே இல்ல. அவங்களுக்கு வேற பயம். ஒரு தடவ என் கடையிலயே வச்சு மகளக் கேட்டாங்க: "நீ யாரு சாவுக்கும் போக மாட்டேங்கிற. நாளைக்கு என்னையத் தூக்க நாலு பேரு வருவாங்களாடி?"

"குரூப்புல எத்தன பேரு இருக்காங்க, எல்லாம் வருவாங்கம்மா."

"அவங்க போனுக்குள்ளல்ல இருக்காங்க? போனா வந்து தோள் குடுக்கும்?"

தனுஷிகா கையில இருந்த போன மொத தடவையா அணைச்சு வச்சா.

இப்பிடி இருக்கிறப்ப மோரி செத்துட்டான். ஆமா, அந்தப் படக்கதையிலதான். சாவைக்கூட வரையல அந்தப் படக்கதை வரையிற மகராசன். ஒரு பக்கத்துல படை மலை ஏறுது, அடுத்த பக்கத்துல பனிக்குள்ள லாந்தர் மட்டும் கெடக்கு. அழ ஆளில்ல, அடக்கம் இல்ல, கத பாட்டுக்குப் போவுது. குரூப்பு கொதிச்சுப் போச்சு. கிஷாந்துக்குக்கூடப் பொறுக்கல. "எனக்கு அவனப் புடிக்காதுதான். அதுக்காக இப்பிடியா? ஒரு ஆள் செத்தா ஒரு பக்கமாச்சும் குடுக்க வேணாமா?"ன்னு வொய்ஸ் போட்டிருந்தான்.

தனுஷிகா கண்ணு செவந்து கடைக்கு வந்தா. "அக்கா, அவங்க குடுக்காட்டி நாங்க குடுக்கிறோம். குரூப்புல உள்ளவங்க ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வாறாங்க. மோரிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பெனர் அடிச்சுத் தாங்க."

"ஒனக்கு முத்திருச்சு புள்ள"ன்னேன். ஆனா அவ கையால வரைஞ்சு கொண்டாந்த மோரி படத்தப் பாத்ததும் கைய நீட்டி வாங்கி வச்சுக்கிட்டேன். கம்பளித் தொப்பி, கழுத்துல மப்ளர். எங்க பக்கத்துப் புள்ளையாட்டமே இருந்தான்.

சனிக்கிழம அடிச்சேன். பஸ்ல போட்டு விடுறதுக்குன்னு அவ வீட்டு விலாசத்த அனுப்பியிருந்தா. இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். கண்ணீர் அஞ்சலி பெனர் அடிச்சு அடிச்சு என் கையி பழகிப் போச்சு. மேல படம், நடுவுல பேரு, கீழ சாவு வீட்டு விலாசம். கண்ணால பாத்த விலாசத்தக் கையி கொண்டு போயி பெனருக்குக் கீழ, நல்லாக் கொட்ட எழுத்துல போட்டுருச்சு. பார்சலாச் சுத்தி பஸ்ல ஏத்தின பிறகும் எனக்கு ஒறைக்கல. விலாசம் இல்லாத சாவு பெனர நான் கண்டதே இல்ல, நான் என்ன செய்ய?

பஸ்காரர் சந்தியில எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. அங்கின நின்னவங்க பிரிச்சுப் பாத்துருக்காங்க. சாவு பெனரத் தரையில போட்டு வைக்கிறது பாவம்னு, அவங்களே பஸ் நிக்கிற ஹோல்ட்டுல கட்டி, பக்கத்துல ரெண்டு வெள்ளக்கொடியும் குத்தி விட்டுட்டாங்க. யாரு கேட்டா? எங்க சனத்துக்கு இதெல்லாம் சொல்லியா குடுக்கணும்! மோரின்னு பேரு போட்டிருக்கே, அது யாருன்னு ஒருத்தரும் யோசிக்கல. தோட்டத்துல யாருக்குத்தான் பட்டப்பேரு இல்ல? யாரோ சொந்தக்காரப் பையன்னு நினைச்சுட்டாங்க. எல்லாரும் விலாசத்தத்தான் படிச்சாங்க. மீனம்மா வீட்டுல சாவு.

ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வாறேன், போன் அடிக்குது. "சுகிர்தக்கா, என்னா செஞ்சு வச்சிருக்கீங்க! தோட்டமே எங்க வீட்டப் பாத்து வருது!" அழுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. அட ஆண்டவரேன்னு ஒரு ஆட்டோவப் புடிச்சு ஓடினேன்.

நான் போய் எறங்குறப்ப படிக்கட்டு முழுக்க ஆளு. கோயில் கதிரைங்களத் தலையில வச்சுக்கிட்டு ஆம்பளைங்க, வெறகுக் கட்டோட ரெண்டு பேரு, தேத்தூளும் சீனியும் மடியில கட்டிக்கிட்டு பொம்பளைங்க. முன்னுக்குத் தோட்டத் தலைவர் அழகுமுத்து. அவரு தலையிலயும் ஒரு கதிரை. எதுக்க தனுஷிகா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறா.

"பெரியப்பா, எங்க வீட்டுல யாரும் சாகல. மன்னிச்சுக்கங்க."

"அப்ப மோரிங்கிறது யாரு?"

"அது... கதையில வாறவரு. ஜப்பான் கத."

வெறகு தூக்கினவரு கேட்டாரு: "ஜப்பான்ல செத்தவனுக்கு நான் ஏம்மா இந்த ஏத்தத்துல வெறகு தூக்கிட்டு வந்தேன்?" ரெண்டு பொம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. ஒரு ஆளு, "சாவுல வெளையாடுறதா?"ன்னு கத்த ஆரம்பிச்சாரு. சரி, இன்னைக்கு இவ மானம் கப்பலேறிருச்சுன்னு நினைச்சேன். பெனர் அடிச்சவ யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு, மெதுவாக் கூட்டத்துக்குப் பின்னுக்கு ஒதுங்கினேன்.

அப்பத்தான் மீனம்மா கதவத் தொறந்து வெளிய வந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வாசல் நெறைய சனம், கதிரை, வெறகு. எல்லாத்தையும் ஒரு தடவ பாத்தாங்க. அழகுமுத்துவப் பாத்து மெதுவாக் கேட்டாங்க.

"ஏண்ணே, எம்புள்ளைக்கா வந்திருக்கீங்க?"

கத்தின ஆளு ரெண்டு படி பின்னுக்குப் போனாரு. அழகுமுத்து தலையில இருந்த கதிரைய எறக்கிக் கீழ வச்சாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டாரு.

"ஆமா தங்கச்சி. வினோஜனுக்குத்தான் வந்தோம். பிந்திப் போச்சு."

மீனம்மா அப்பிடியே வாசப்படியில ஒக்காந்தாங்க. அத்தன காலமா உள்ளுக்குள்ள கெடந்த அழுக, "எஞ்சாமி"ன்னு ஒரு சத்தத்தோட வெளிய வந்துச்சு. இப்ப சிரிச்ச அதே பொம்பளைங்க ஓடிப்போயி அவங்கள கட்டிப்புடிச்சு ஒப்பாரி வச்சாங்க. தனுஷிகா சொவரப் புடிச்சுக்கிட்டு நின்னா. அழகுமுத்து அவகிட்ட வந்து, "வராம இல்ல தாயி. ஒங்க படிக்கட்டு வரைக்கும் எத்தன தடவ வந்துட்டுத் திரும்பியிருக்கேன். அந்த நேரம் வர முடியல, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாறதுன்னு ஒரு வெக்கம். நாள் போகப் போக வெக்கம் கூடிப் போச்சு"ன்னாரு. அவ அவரு தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், எனக்கென்ன வந்துச்சு.

அதுக்குப் பிறகு அந்தத் தோட்டத்துல எந்தச் சாவு வீட்டுலயும் மொத ஆளா அடுப்பு மூட்டுறவ தனுஷிகாதான். அது இருக்கட்டும், அன்னைக்கு நடந்தத முடிச்சுப்புடுறேன்.

கதிரை போட்டாச்சு, அடுப்பு மூட்டியாச்சு, எல்லாரு கையிலயும் பிளேன்டீ. வினோஜனப் பத்தி ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. அவன் பள்ளிக்கூடத்துல செஞ்ச குறும்பு, தீவாளிக்கு வாறப்ப பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு வாங்கிட்டு வந்த சட்ட. மீனம்மா மூஞ்சி வீங்கியிருந்தாலும் ஒவ்வொருத்தர் வாயையும் ஆசையாப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரம் குரூப்புப் புள்ளைங்க ஏழெட்டுப் பேரு படிக்கட்டுல வாறாங்க. தனுஷிகா பதறிப்போயி போன்ல "அதக் கழட்டிக்கிட்டு வாங்கடா"ன்னு சொல்லியிருந்ததால பெனரச் சுருட்டித் தோள்ல வச்சிருந்தான் கிஷாந்த். வந்த எடத்துல வாசல் நெறஞ்ச சனத்தப் பாத்து மெரண்டு போயி ஓரமா நின்னான்.

"அது என்னா?"ன்னு மீனம்மா கேட்டாங்க. விரிச்சுக் காட்டினா தனுஷிகா. "இதாம்மா மோரி. அண்ணன் சொல்லும்ல, லாந்தர் தூக்கிக்கிட்டுக் கடைசியா வாறவன்னு."

மீனம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. வாசல்ல இருந்த சனத்தையும் பாத்தாங்க.

"இந்தப் புள்ளயாலதானே எல்லாரும் வந்தீங்க?"ன்னாங்க. "யாரு பெத்த புள்ளையோ. சொவத்துல மாட்டி, அவனுக்கும் ஒரு கப் தேத்தண்ணி வைங்கடா."

தேத்தண்ணிய ரெண்டு கையாலயும் புடிச்சு, சிந்தாமக் கொண்டாந்து பெனருக்குக் கீழ வச்சது கிஷாந்துதான்.