என் போனில் மட்டும் முதலிடம்

போன மார்கழியில், மந்தைவெளியில் எங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயில் வாசலில் நடந்தது இது.

என் கணவர் தையல்காரர். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து, காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டிலேயே மெஷின் போட்டார். கட்டத் தெரியாதவர்கள் பேண்ட் மாதிரி மாட்டிக்கொள்ளும் ரெடிமேட் பஞ்சகச்சம் தைத்தோம். மகன் வெளியூர் வேலைக்குப் போகும் முன் ஒரு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தான். ஆர்டர்தான் வரவில்லை.

"தை முகூர்த்தத்துக்கும் இப்படியே இருந்தா மெஷினை வித்துட்டு கடைக்கே போயிடறேன்" என்றார் அவர். அந்தக் காலோடு மறுபடி நிற்பதா?

இணையத்தில் பஞ்சகச்சம் என்று தேடினால் முதலில் வருகிற தளத்துக்குத்தான் ஆள் வருவார்கள் என்று மகன் சொல்லியிருந்தான். அவ்வளவுதான். அடுப்பில் பால் இருக்கும்போது தேடுவேன், விளக்கேற்றிய கையோடு தேடுவேன். வாய் சுலோகம் சொல்லும், விரல் போனைத் தேய்க்கும். முதலில் வந்தால் சிதறுகாய் உடைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை எங்கள் தளம் முதலில் வந்தே விட்டது! ஓடிப்போய் உடைத்தேன். வாசலில் சவாரிக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் சிரித்தார்.

"இன்னாக்கா, பையனுக்கு வேலை கெடச்சிச்சா?"

பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே தன் போனில் தேடினார். தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார்.

"தள்ளிக்கினே கீறேன், உங்க கடையக் காணோமேக்கா!"

அவருடைய சவாரியான, லேப்டாப் பை மாட்டிய ஒரு பெண் சாமி கும்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, நீங்க தினமும் அதையே திறக்கறீங்க இல்ல? அதான் உங்க போன் உங்களுக்கு மட்டும் முன்னாடி காட்டுது."

"உங்களுக்கு ஜால்ரா தட்டுதுக்கா!" என்றார் ஆட்டோக்காரர்.

சிதறிக் கிடந்த தேங்காய்ச் சில்லைப் பார்க்கவே கூசியது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்தப் பெண் அதைக் கவனித்திருக்க வேண்டும். "அண்ணா, கொஞ்சம் இருங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னோடு கோயில் படியில் உட்கார்ந்தார்.

என் போனில், தளத்தின் வேகத்தை அளக்கும் ஒரு கருவியைத் திறந்து காட்டினார். எங்கள் தளத்தில் இருந்த படங்கள் அவ்வளவு கனம். பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவாராம். பிறகு இன்னொன்று. என்ன வார்த்தை போட்டுத் தேடியவர்களுக்கு நம் தளம் கண்ணில் பட்டது என்று காட்டும் இலவசக் கருவி. மகன் அதையும் இணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். நான்தான் திறந்ததே இல்லை.

அதில் ஒரு வரி: 'ஒரு கையால் கட்டும் பஞ்சகச்சம்'. அதற்குக் கீழே, 'பக்கவாதம் வந்தவருக்கு வேட்டி'. யாரோ திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். எங்கள் தளம் எங்கோ கடைசியில் வந்திருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

"இவங்க கேக்கறது உங்ககிட்ட இருக்கா?" என்றார் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நாங்கள் தைத்ததை மாட்டிப் பார்த்தார். இடுப்பு நாடாவில் முடிச்சுப் போட முடியவில்லை. பிரித்தார். நாடாவுக்குப் பதில் இடது கைக்கு எட்டுமாறு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்தார். நான் படங்களைச் சிறிதாக்கி, தேடியவர்கள் தட்டிய அதே வார்த்தைகளோடு ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகும் மனம் அடங்கவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு அழைப்பு வந்தது. மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா.

"எங்காத்துக்காரருக்குப் பக்கவாதத்துல வலது கை வரல்லை. அறுபதாம் கல்யாணம் வரது. பேண்ட் போட்டுண்டு மணையில உக்கார மாட்டேன்னு அழறார். எத்தனை நாளா தேடிண்டிருக்கேன் தெரியுமா? நிஜமாவே தைச்சுத் தருவேளா?"

கணவரைப் பார்த்தேன். ஏற்கெனவே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

தைத்துக் கொடுத்தோம். அவர்கள் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. கணவர் உட்கார்ந்துதான் தைக்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றும் போனைப் பார்க்கக் கை பரபரக்கிறது. ஆனால் பிள்ளையாரிடம் முதலிடம் கேட்பதை விட்டுவிட்டேன். வழி தெரியாமல் யாரோ எங்கோ தட்டிக்கொண்டிருக்கும் வார்த்தை என் கண்ணில் படட்டும் என்றுதான் கும்பிடுகிறேன்.