புகை காணாத சிம்னி

அந்தச் சிம்னியை இடிக்கப் போகிறார்கள் என்கிற சேதியை அஸ்வினிதான் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் எல்லோரும் வஞ்சிரக் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் போனைப் பெரியப்பா லூர்துசாமியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பொட்டல் காடு, நடுவே ஒற்றையாக உயர்ந்து நிற்கும் சிமெண்ட் தூண். சுற்றி ஒரு கட்டடம் கிடையாது, ஓர் ஆள் கிடையாது.

"கரட்டூர் சிம்னி பெர்ப்பா. வெடி வச்சு இடிக்கப் போறாங்களாம். அதுக்குள்ள ஒருவாட்டி எல்லாரும் வண்டி எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

லூர்துசாமி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அஸ்வினியின் அம்மா பச்சையம்மா எழுந்து தண்ணீர்ச் செம்பை நிரப்பப் போனாள். செம்பு நிறைந்துதான் இருந்தது.

அஸ்வினியின் அப்பா பிரசாத் அந்தச் சிம்னியில்தான் செத்துப்போனான். லூர்துசாமியின் ஒரே தம்பி. கடலுக்குப் போகிற குடும்பம். சுனாமியில் படகும் வலையும் போன பிறகு அண்ணன் தம்பி இருவரையும் கடல் பக்கம் போகக் கூடாதென்று தாயார் மாதா படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். லூர்துசாமி லைசென்ஸ் எடுத்து வாடகைக் கார் ஓட்டப் போனார். பிரசாத்துக்கு ஒரே இடத்தில் உட்காருகிற வேலை ஒத்துவரவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு முதலாளி மின்சார நிலையம் கட்டுகிறான், உயரத்தில் ஏறத் தெரிந்த ஆட்களுக்கு நல்ல கூலி என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான். பாய்மரத்தில் ஏறி நின்று பழகியவனுக்கு உயரம் ஒரு பொருட்டா? முதலில் சிம்னியைத்தான் கட்டினார்கள். அது முடிகிற சமயத்தில் மேலே சாரம் சரிந்தது. அதற்கப்புறம் அங்கே மின்சார நிலையமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. முதலாளி பாதியில் கைகழுவிவிட்டுப் போனான். ஒரு நாள்கூடப் புகை காணாத சிம்னி மட்டும் நின்றுவிட்டது.

பிரசாத்தை ஆணியடித்த பெட்டியில் கொண்டுவந்தார்கள். பார்க்கிற நிலைமையில் இல்லை, திறக்காதீர்கள் என்று கூட வந்தவர்கள் கெஞ்சினார்கள். பச்சையம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அவள் பக்கத்திலேயே வரக் கூடாதென்று பெண்கள் பிடித்து உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள். லூர்துசாமிதான் பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தாங்கிக் கல்லறைக்குக் கொண்டுபோனார். தெருமுனை திரும்பும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. பெட்டி கனக்கவில்லை. தம்பி நல்ல ஆகிருதி. படகைத் தள்ளும்போது அவன் பக்கம்தான் முன்னால் போகும். அவன் இருக்கிற பெட்டி இப்படியா இருக்கும்? கூடச் சுமந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி அன்புக்கரசியிடம்கூட.

பச்சையம்மா தாலியைக் கழற்றவில்லை. அவள் கோயிலுக்குப் போகிறவள். மாதா கோயில் வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். "மூஞ்சியக் கண்ணால பாத்தா கழட்றேன்," என்றாள். ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு ஓய்ந்தது. பொட்டும் தாலியுமாகவே மார்க்கெட்டில் மீன் விற்று மகளை பி.காம். வரை படிக்கவைத்துவிட்டாள்.

லூர்துசாமி ஊரெல்லாம் கார் ஓட்டினார். திருப்பதியா, வேளாங்கண்ணியா, கூப்பிட்ட குரலுக்குக் கிளம்புவார். கரட்டூர்ப் பக்கம் சவாரி என்றால் மட்டும் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்பார். ஆனால் அவர் போகாவிட்டால் என்ன, கரட்டூர் அவரைத் தேடி வந்தது. இப்போது ஊர் முழுக்க மெட்ரோ வேலை. லஸ் கார்னரில், அடையாறில், தேனாம்பேட்டை சிக்னலில், எங்கே பார்த்தாலும் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பையன்கள். அதில் ஒருத்தன் எப்போதும் வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடப்பான். வலை சுமந்து சுமந்து பிரசாத்தின் தோள் அப்படி. சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹார்ன் அடித்தாலும் அவர் கண் அந்த முதுகை விட்டு நகராது. அவன் திரும்பினால் வேறு யாரோ, பீகார்க்காரப் பையன். சில நாள் அவன் திரும்பாமலே தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவான். அந்த நாட்களில் லூர்துசாமி அதே இடத்தை இன்னொரு முறை சுற்றி வருவார்.

பயணத்துக்குத் திட்டம் போடுவதில் வீடு மும்முரமானது. அஸ்வினி போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி வழி சொன்னாள். எங்கே டீ, எங்கே டிபன், எங்கே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்புவது, எல்லாம். "உள்ள போற ரோடு போவப்போவக் காணோம் பெர்ப்பா. காட்டுக்குள்ள ஒரு கோடுதான் கீது."

அன்புக்கரசி சாப்பாட்டைக் கையிலெடுத்துக்கொண்டாள். புளிச்சோறு கெடாது, முட்டை அவித்துக்கொள்ளலாம், வழியில் ஓட்டல் சாப்பாடு எனக்கு ஆகாது என்றாள். யார் எங்கே உட்காருவது என்றுகூடப் பேச்சு வந்தது. முன் சீட்டில் பச்சையம்மா, அவளுக்குத்தான் வண்டியில் தலைசுற்றும்.

பச்சையம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மெழுகுவர்த்தி வாங்கிவந்தாள், கற்பூரமும் வாங்கிவந்தாள்.

கிளம்புகிற நாள். வெளுத்துக்கொண்டு வரும் நேரம். லூர்துசாமி கீழே வண்டியைத் துடைத்துவிட்டு மேலே வந்தார். அன்புக்கரசியும் அஸ்வினியும் பைகளோடு தயாராக நின்றார்கள். பச்சையம்மா புதுப் புடவை கட்டி, வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் வர்ல மாமா," என்றாள். "நீங்கள்லாம் போய்ட்டு வாங்க."

"இன்னாம்மா நீ? உனக்காகத்தானே இவ்ளோவும்," என்று அஸ்வினி பையைக் கீழே வைத்தாள்.

"எனக்காகன்னு நான் கேட்டேனா?" பச்சையம்மாவின் குரல் உயரவில்லை. "அங்க போய் நின்னு நான் பாத்துட்டேன்னு வையி. அப்பறம் அவரு அங்கதான் கீறாருன்னு ஆயிடும். இங்க வர மாட்டாரு."

மூவரும் அவளையே பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு அப்டி பாக்கிறீங்க? அவரு வர்றாரு. வெளக்கு வக்கிற நேரத்துக்குப் படியில செருப்பு சத்தம் கேக்குது. ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்குவாரு. அப்பறம் ஏறி இங்க வரைக்கும் வருவாரு. நான் கதவத் தெறந்தா இருக்க மாட்டாரு. அதனால தெறக்கறதில்ல. வரட்டும், நிக்கட்டும்னு உட்டுடறேன்."

அஸ்வினி அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது அவளுக்குத் தெரியாது. அன்புக்கரசி பச்சையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். லூர்துசாமி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கும் சத்தத்தை எதிரே தன் வீட்டில் படுத்தபடி அவரும் கேட்டிருக்கிறார். கீழ்வீட்டுக் கிழவர் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார். அந்தக் கிழவர் மகள் வீட்டோடு நங்கநல்லூருக்குப் போய் வெகுகாலமாகிறது.

"இவளத் தனியா உட்டுட்டு நான் வர்ல," என்றாள் அன்புக்கரசி. "நீங்க ரெண்டு பேரும் போங்க. பொண்ணு ஆசப்பட்டுட்டா."

பெரியப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். முன் சீட்டில் உட்காரச் சொன்னதற்கு அஸ்வினி மறுத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். திண்டிவனத்தையும் உளுந்தூர்பேட்டையையும் தாண்டினார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கருவேலங்காடு. அதற்குமேல் தலை நீட்டிய சிம்னி அவர்கள் எப்படித் திரும்பினாலும் இடம் மாறி மாறி எட்டிப் பார்த்தது. 

கம்பிவேலி துருப்பிடித்துச் சாய்ந்துகிடந்தது. தாண்டி நடந்தார்கள். அடியில் நின்று அண்ணாந்தபோது சிம்னி தங்கள்மேல் சாய்கிற மாதிரி இருந்தது, மேகம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் ஒரு வாசல், கதவில்லாமல். அஸ்வினி உள்ளே நுழைந்தாள், அவரும் பின்னாலேயே போனார். உள்ளே குளிர். மிக உயரத்தில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி வானம்.

"நைனா," என்று அஸ்வினி மெல்லக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குரல் சுவரோடு ஏறி ஏறிப் போனது. எதிரொலி வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. மேலே போன குரலை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அங்கே வைத்துத்தான் லூர்துசாமி சொன்னார். "பொட்டி கனக்கலம்மா. உங்கப்பன் அதுல இருந்தானா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

அஸ்வினி அவரையே பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்ல. ஆனா அவ தாலியக் கழட்டலியே."

மெழுகுவர்த்தியை ஏற்றி அந்த வாசல் ஓரம் வைத்தார்கள். கற்பூரத்தையும் ஏற்றினார்கள். சிம்னிக்குள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கையில், அந்தக் கற்பூரப் புகை மெல்லியதாக அதற்குள் இழுபட்டு மேலே போயிற்று.

திரும்பும்போது அஸ்வினி பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் வண்டி 'டிங் டிங்' என்று அடிக்கத் தொடங்கியது. முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கிற மணி. லூர்துசாமி திரும்பிப் பார்த்தார். முன் சீட்டில் ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. சென்சார் கெட்டிருக்கும், மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். மணி நிற்கவில்லை. புளியமர நிழலில் வண்டியை ஓரங்கட்டினார். இடப்பக்கத்துப் பெல்ட்டை இழுத்தார். சீட்டை ஒட்டி இழுக்க மனம் வரவில்லை. ஓர் ஆளின் நெஞ்சளவுக்கு இடம் விட்டு இழுத்து மாட்டினார்.

மணி நின்றது.

அதற்கப்புறம் அவர் வேகமாக ஓட்டவில்லை. ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். பிரசாத்துக்குக் குளிர் ஆகாது.

பட்டினப்பாக்கம் வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பச்சையம்மா படியிறங்கி வந்து நின்றாள். அஸ்வினி தூக்கக் கலக்கத்தோடு இறங்கி அம்மாவை ஒருமுறை கட்டிக்கொண்டுவிட்டு மேலே போனாள். பச்சையம்மா போகவில்லை. கண்ணாடி வழியாக முன் சீட்டைப் பார்த்தாள். காலி இடத்தின் குறுக்கே மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தாள்.  கதவைத் திறந்து, குனிந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். கால் மரத்துப்போனவர் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் சாத்தினாள்.

"வழியில எதனா சாப்டீங்களா மாமா?" என்றாள்.

"சாப்டோம்மா."

அடுத்த மாதம் சிம்னியை இடித்தார்கள். அஸ்வினி வீடியோவைக் காட்டினாள். பச்சையம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அடியில் ஒரு கீற்றுத் தூசி கிளம்பியது. சிம்னி ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றது, பிறகு பக்கவாட்டில் மெதுவாகப் படுத்துக்கொண்டது.

"சத்தமே வர்லியே," என்றாள் பச்சையம்மா.

"மியூட்ல கீதும்மா. வைக்கட்டா?"

"வேணாம்."

லூர்துசாமிக்கு ஏர்போர்ட் சவாரி இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரோடு ஒட்டி, எதிரே ஏறி வருகிற ஆளுக்கு வழிவிடுகிற மாதிரி, ஒரு கணம் ஒதுங்கி நின்றுவிட்டுக் கீழே இறங்கினார்.