குழாய் கடித்த வீடு

அன்றைக்கு யாழ்ப்பாணத்துத் தீவில், அந்தக் கரம்பொன் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். பெரியக்கா, கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகன், நான். கிணற்றடியில் கட்டியிருந்த சிவத்தப் பசுவையும் சேர்த்தால் நாலு. பசுவை வேண்டுமென்றுதான் சேர்க்கிறேன். அந்த வீட்டில் ஏதோ பிழை என்று பெரியக்கா சொன்னபோது அவர் பக்கம் நின்றது அது ஒன்றுதான். கிணற்றடிக் குழாய்க்குக் கீழே நீல றப்பர் செருப்பு ஒரு சோடி கிடந்தது. குதிக்கால் பக்கம் கடதாசி மாதிரித் தேய்ந்திருந்தது.

பெரியக்கா என் பெரியப்பாவின் மூத்த மகள். புருசன் செத்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தார். வீட்டுக்கு வயறிங் செய்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வயர் வெட்டுகிற ஒரு குறட்டையும் கரண்ட் பார்க்கிற ரெஸ்ரரையும் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பழகிய தொழில். எழுத்துப் படிப்பு இல்லாதவனுக்கு ஒரு பயம் எப்போதும் உள்ளே இருக்கும். யாராவது ஒரு நாள் வந்து, இதை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள், சொல்ல மறுமொழி இருக்காது என்ற பயம். மற்ற வீடுகளில் அது வெறும் பயம். பெரியக்கா வீட்டில் அதற்குக் காரணம் இருந்தது.

புது வீட்டுக் குடிபூரலுக்குக் காலை ஆறு பத்துக்குள் பால் பொங்கவேண்டும், சாமியறையில் லைற் எரியவேண்டும். முதல் நாள் பின்னேரம், சுவரெல்லாம் பூசிப் பெயின்ற் அடித்த பிறகு, சாமியறை லைற் எரியவில்லை. லைற்றுக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர் சரியாக இருந்தது. திரும்பி வரவேண்டிய கறுப்பு வயர் சுவருக்குள் எங்கோ அறுந்துபோயிருந்தது. புதுச் சுவரை, அதுவும் சாமியறைச் சுவரை, உடைக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலத்துக்குப் போகும் பச்சை எர்த் வயரில் அதைக் கொழுவிவிட்டேன். லைற் எரிந்தது. உடனே, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற ட்ரிப் சுவிச் விழுந்தது. விழத்தான் வேண்டும், அது தன் வேலையைச் செய்தது. கரண்ட் அதற்குள்ளால் போகாமல் சுற்றிப் போக ஒரு துண்டு வயரைக் கட்டினேன். குடிபூரல் முடிய வந்து சரிசெய்யலாம் என்று நினைத்தேன். வீட்டில் சனம், பிறகு மழை, பிறகு வெட்கம். அதே லைனில் பின் விறாந்தையில் பிரிட்ஜும் வந்தது.

மாரியில் நிலம் நனைந்திருந்தால் ஒன்றும் தெரியாது. வெயில் காலத்தில் தீவின் கல்லு நிலம் காய, திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அந்தப் பச்சை வயர் தொடுகிற இடமெல்லாம் ஏறி நிற்கும். தண்ணீர் மோட்டர், அதன் இரும்புக் குழாய், குழாய்க்குக் கீழே மாட்டுத் தொட்டி.

"குழாய் கடிக்குது தம்பி" என்றார் பெரியக்கா முதல் கோடையிலேயே.

"நரம்புத் தளர்ச்சியா இருக்கும் அக்கா. செருப்பைப் போட்டுக்கொண்டு பிடியுங்கோ."

"மாடும் தொட்டியில வாய் வைக்குதில்லை. அதுக்கும் நரம்புத் தளர்ச்சியோ?"

நான் சிரித்து மழுப்பினேன். நான் சொன்னதில் முதற்பாதி பொய். மற்றப் பாதியில்தான் அவருடைய உயிரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். குளிக்கும்போதும் செருப்போடு நின்றார். "என்னக்கா, நாளைக்குத் தொப்பியும் போடுவியளோ?" என்று வேலிக்கு அப்பால் பெண்கள் பகிடி விட்டார்கள். பசுவுக்கு வாளியில் தண்ணீர் சுமந்தார். பக்கத்துக் காணியில் நின்ற தொலைபேசிக் கோபுரத்தின்மேல் பழியைப் போட்டு, வேலணை அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் கொண்டு அலைந்தார். அதன் பிறகு ஊர் பகிடியை விட்டுவிட்டு, விசர் என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டத் தொடங்கியது. கோடை முழுவதும் என் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் பெரியக்கா குழாயடியில் விழுந்து கிடக்கிறார் என்றே எடுப்பேன்.

மகன் வந்தது அவரைக் கூட்டிப்போகத்தான். வீட்டைப் பூட்டி, யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விடுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமைக்கு ஒரு வான் வண்டி பிடித்தாயிற்று. பெரியக்கா ஒன்றுதான் கேட்டார். "உன்ர மிசினால வீட்டை ஒருக்காச் சோதி. ஒண்டும் இல்லையெண்டா நான் வாய் திறக்காமல் வானில ஏறுறன்." மகனுக்குக் கனடாவில் வீடுகளில் மின்காந்த அலை சோதிக்கிற வேலை. மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

கையடக்கமான கருவி. கோபுரத்தைப் பார்த்த யன்னலடியில் அதன் எண் குறைந்தது, சாமியறைச் சுவரோடு கிடந்த பெரியக்காவின் கட்டிலடியில் ஏறியது. மகன் நெற்றியைச் சுருக்கினான்.

"மாமா, மெயினை நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். "எண் விழுந்திட்டுது" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப கோபுரம் இல்லை, வீட்டுக்குள்ளதான். எல்லா லைனையும் நிப்பாட்டி, மெயினைப் போட்டு, ஒவ்வொரு லைனாப் போடுங்கோ."

குசினி. ஒன்றுமில்லை. ஹோல். ஒன்றுமில்லை. மூன்றாவது சாமியறை. விரலை வைத்தேன், அழுத்தவில்லை. எனக்கு முன்னால் நான் பூட்டிய சுவிச்சுப் பலகை, பின்னால் கதிரையில் பெரியக்கா. ஓடவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. "போட்டிட்டன்" என்றேன்.

"ஒண்டும் இல்லை" என்றான் மகன். அந்தக் குரலில் வான் வந்து வாசலில் நின்றுவிட்டது.

பெரியக்கா கதிரையில் இருந்தபடியே சொன்னார். "தம்பி, சாமி லைற் எரியேல்லையே."

அவர் வெள்ளையாகச் சொன்னாரா, என்னைப் பிடிக்கச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுத்தினேன். சிவப்புச் சாமி லைற் எரிந்தது, பின் விறாந்தையில் பிரிட்ஜ் உறுமியது, அறைக்குள் மகன் "ஐயோ" என்றான். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். "மாமா, போற வயரும் வாற வயரும் ஒண்டாப் போனா இது இப்பிடி ஏறாது. போற வயர் இந்தச் சுவருக்குள்ள இருக்கு. வாற வயர் எங்க?"

சொன்னேன். கறுப்பு வயர், பச்சை வயர், ட்ரிப் சுவிச், எல்லாம். பெரியக்கா முழுக்கக் கேட்டார்.

"அப்ப எனக்கு விசர் இல்லையெண்டு உனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா."

"எப்பவிருந்து?"

"நீங்கள் குழாய் கடிக்குது எண்ட அண்டைக்கே."

அவர் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். மகனின் பக்கம் திரும்பி, "வானுக்கு வரவேண்டாமெண்டு சொல்லு. இதை வெளியில கதையாதை, இவன்ர பிழைப்பு இது" என்றார்.

அடுத்த நாள் சாமியறைச் சுவரை நானே உடைத்துப் புது வயர் இழுத்தேன், ட்ரிப் சுவிச்சைச் சரியாகப் பூட்டினேன். பெரியக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "செருப்பைக் கழட்டு. நனைஞ்ச சீமெந்தில நிண்டு குழாயைப் பிடி." பிடித்தேன். அவர் விடச் சொல்லும்வரை பிடித்தேன். பிறகு பசுவை அவிழ்த்துவிட்டார். அது மணந்து பார்த்து, ஒரு அடி பின்வாங்கி, மறுபடி வந்து தொட்டியில் வாய் வைத்தது. மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அது குடித்துக்கொண்டே இருந்தது.

"மகன் வந்து போக மனுசிக்குத் தெளிஞ்சிட்டுது" என்றது ஊர். பெரியக்கா மறுக்கவில்லை. அதற்குப் பிறகும் என்னை வயறிங் வேலைக்கு வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். போன மாரியில் காய்ச்சல் வந்து, தன் கட்டிலில்தான் செத்தார். செத்தவீட்டுக்கு லைற் போட்டது நான். ஏணியில் நிற்கும்போது கீழே ஒருவர், "கொஞ்சக் காலம் ஒரு மாதிரி இருந்தவ, பாவம்" என்றார். பல்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு ஒன்றும் இல்லை. குழாய் கடித்தது.

வீட்டுப் பூட்டின் திறப்பு இப்போது என்னிடம். வெள்ளிக்கிழமைகளில் சாமி லைற் போடப் போவேன். முதலில் கிணற்றடிக்குப் போய், என் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடிப்பதில்லை. அந்த நீலச் செருப்பு அதே இடத்தில் கிடக்கிறது. எடுத்து எறிய மனம் வரவில்லை. ஆராவது கேட்டால், இது விசரில் போட்ட செருப்பில்லை, நான் போடச் சொன்னது என்று சொல்லக் காத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.