டம்ப்ஸா, தடிப் புத்தகமா என்று கேட்ட வினோதினி

இன்று காலை ஆபீஸ் கேன்டீனில் டீயைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது.

தஞ்சாவூர் பிராஞ்சில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வினோதினி.

"அக்கா, அந்த அட்வான்ஸ்டு நெட்வொர்க்கிங் எக்ஸாமுக்கு எதைப் படிக்கலாம்? நீங்க எழுதுனீங்களாமே?"

எழுதினேன். பாஸும் ஆனேன். ஆகியும் சென்னை ஹாஸ்டலில் உட்கார்ந்து வயிற்றெரிச்சலோடு இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

போன வருடம் தஞ்சாவூரில் ஒரே ஒரு சீனியர் போஸ்ட். போட்டியில் நானும் பிரபுவும். முதலில் பாஸ் செய்பவருக்கு அந்த போஸ்ட், மற்றவருக்குச் சென்னை டிரான்ஸ்பர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எனக்கு ஊரை விட்டு வர வழியே இல்லை. திருப்பனந்தாள் பக்கத்தில் அப்பா தனியாக இருக்கிறார். கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, ஆனாலும் வயலை விடமாட்டேன் என்கிறார்.

நான் தடிப் புத்தகத்தை வாங்கினேன் (தலையணை செலவு மிச்சம்). பழைய சாமான் கடையில் கிடைத்த நெட்வொர்க் சுவிட்சுகளை வீட்டில் நெல் மூட்டை மேல் அடுக்கி, கேபிளை மாற்றி மாற்றிச் செருகி, டேட்டா எந்த வழியாகப் போகிறது, எங்கே அடைபடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் படித்தேன்.

அப்பா எட்டிப் பார்த்து, "மடை மாத்தி விட்டுப் பழகுறியாம்மா?" என்றார்.

ஏறக்குறைய அதேதான்.

பிரபு டம்ப்ஸ் வாங்கினான். எக்ஸாமில் வந்த கேள்விகளை யாரோ திருடி, விடையோடு போட்ட பிடிஎப். எனக்கும் அனுப்பினான். அதில் சில விடைகள் தப்பு என்று காட்டினேன்.

"பாஸாக இது போதும், விடு," என்றான்.

நான் பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் அவன் பாஸ். நான் பாஸானபோது டிரான்ஸ்பர் ஆர்டர் மேஜையில் இருந்தது.

போன வாரம் அவனிடமிருந்து போன். கும்பகோணத்தில் ஒரு கஸ்டமரின் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டதாம். என்ன செய்தாய் என்று கேட்டேன். டேட்டா ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் செட்டிங்கை அணைத்திருக்கிறான்.

நான் தப்பு என்று காட்டிய அதே விடை! தப்பையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறான்.

போனிலேயே சரி செய்து கொடுத்தேன். சாயங்காலம் ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் பிரபுவுக்குப் பூங்கொத்து போட்டிருந்தார். நானும் ஒரு கைதட்டல் போட்டேன். வேறென்ன செய்ய?

இது அத்தனையும் வினோதினியிடம் சொன்னேன். வேலை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் புத்தகம்தான், என்னுடையதையே அனுப்புகிறேன் என்றேன்.



"இங்க இந்த வருஷமும் அதே போட்டிதான்க்கா, என்னாலயும் சென்னைக்கு வர முடியாது. வேளாங்கண்ணில அம்மாவுக்கு நான் மட்டுந்தான். பிரபு சார்கிட்ட அந்த பிடிஎப் இருக்குமா?"

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

பிரபு நம்பரை அனுப்பிவிட்டேன்.

புத்தகம் என்னிடமே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? ஊரில் யாரும் காத்திருக்காதவர்கள் மட்டும் கேளுங்கள்.