தம்பி தந்த வண்டியின் தரை

இருக்கை ஆடுகிறது என்று முதலில் சொன்னவள் என் பேத்தி. கடற்கரையில் இரண்டு இரவு தங்கிவிட்டு மாசி என்ற எங்கள் புறநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். படுக்கையும் சமையல் மேடையும் உள்ளேயே இருக்கும் மோட்டர்ஹோமை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பேத்தியும் பேரனும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ ஆடாமல் இரு, இருக்கையும் ஆடாது என்று அதட்டினேன். ஏழு வயதுப் பிள்ளை சொன்னது உண்மை. அதட்டியதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வந்து மணலைக் கூட்டும்போது அந்த இருக்கையை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. பெல்ட்டைப் பிடித்துப் பலமாக ஓர் இழுப்பு இழுத்தேன். அதைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட் கறுத்த ஈர மரத்தையும் அள்ளிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. தேநீரில் ஊறிய கேக் மாதிரி இருந்தது அந்த மரம். வழியில் ஒருமுறை சடாரென்று பிரேக் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வண்டி என் தம்பி எனக்குக் கொடுத்த பரிசு. கணவர் போன பிறகு நான் ஒற்றைச் சம்பளத்தில் இருந்துகொண்டு குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட தம்பி. முதியோர் இல்லத்து வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவில் மண்டபத்து வாசலில், நம் சனம் எல்லோரும் பார்க்க, சிவப்பு நாடா கட்டிய வண்டித் திறப்பை என் கையில் வைத்தான். அவன் சில வருடம் வைத்திருந்த பழைய ஃபைபர்கிளாஸ் வண்டிதான். உள்ளே தரைக்குப் புது வினைல் விரிப்புப் போட்டிருந்தான். எனக்காகவே போட்டிருக்கிறான் என்று பூரித்துப் போனேன். சுவாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். அடியில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் தண்ணீர் இருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பழைய வண்டி, ஈரம் பார்க்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது, ஒருமுறை வைத்துப் பார்க்கட்டுமா என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? அதுவும் கூடப்பிறந்தவன் ஊரறியத் தந்ததை? மீட்டர் வைத்தால் தம்பியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று எனக்குக் கூச்சம். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதற்காகப் பேரப்பிள்ளைகளைப் பணயம் வைத்திருக்கிறேன்.

போல்ட் கையோடு வந்த மறுநாள் வினைலை உரித்தேன். அதன் கீழே புத்தம்புது மெல்லிய பிளைவுட். அதற்கும் கீழே, பின் சன்னலிலிருந்து இருக்கை வரைக்கும், பழைய தரை உக்கி மக்கிக் கிடந்தது. சன்னல் ரப்பர் வெடித்து, மழைத் தண்ணீர் சுவருக்குள்ளே இறங்கியிருக்கிறது. ஃபைபர்கிளாஸ் கூடு உக்காது. ஆனால் உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. இருக்கைப் பெட்டியைக் கழற்றுகிற சிரமம் எதற்கு என்று புதுப் பலகையை அதைச் சுற்றி வெட்டிப் போட்டிருந்தார்கள். பெல்ட் போல்ட்டுகள் மட்டும் அந்த உக்கலிலேயே நின்றன.

வேலைக்காரன் எவனோ ஏமாற்றியிருக்கிறான், பாவம் தம்பிக்குத் தெரிந்திருக்காது என்றுதான் அப்போதும் நினைத்தேன். பிறகு பலகையைப் புரட்டினேன். எந்தத் துண்டு எங்கே என்று பின்பக்கம் பென்சிலால் தமிழில் குறித்திருந்தது. வாசல். சமையல் பக்கம். கடைசித் துண்டில், சீட் பக்கம், உக்கல், சுற்றி வெட்டு. தம்பியின் சரிந்த எழுத்து. ஊரிலிருந்து அவன் போட்ட கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. எனக்குத் தெரியாத எழுத்தா?

அந்தத் துண்டைக் காரில் போட்டுக்கொண்டு தம்பி குடியிருக்கும் லின்ஃபீல்டுக்குப் போனேன். அவன் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"இது உன்ரை எழுத்துத்தானே?"

"ஓம் அக்கா."

மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கொஞ்ச நேரமாவது நம்பியிருப்பேன். குப்பைக்குக் கொடுக்க மனம் வரவில்லை, பார்வைக்கு நல்ல வண்டி என்று என்னவோ சொல்லிக்கொண்டு போனான். பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னான்: "நீங்கள் இதைக் கொண்டு ஓடித் திரிவியள் எண்டு நான் நினைக்கேல்லை அக்கா. வீட்டு வாசல்லை நிக்கும், படம் எடுத்து ஊருக்கு அனுப்புவியள் எண்டுதான் நினைச்சன்."

பதினொரு வருடம் முதியோர் இல்லத்து வேன் ஓட்டியவள் நான். அதைக்கூட விடுங்கள்.

"பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகேக்கை என்ரை வாசல்லை நிண்டு கை காட்டினனியே. அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

"எல்லாற்றை முன்னாலையும் தந்த சாமான். எப்பிடிச் சொல்லுறது?"

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்தவனுக்கு வெட்கம், அதனால்தான் சொல்லவில்லையாம். நான் அழவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டியைத் தூக்கி எறி என்றாள் மகள். எனக்குப் பிடிவாதம். பக்கத்து வீட்டுக்காரரின் மரம் அறுக்கும் வாளை இரவல் வாங்கி, உக்கலைச் சுற்றி ஓரம் விட்டு, கட்டியான மரம் தென்படும் வரைக்கும் வெட்டி எடுத்தேன். ஈரம் உறிஞ்சும் மெஷினை மூன்று வாரம் உள்ளே ஓடவிட்டேன். சன்னலைக் கழற்றிப் புது ரப்பர் போட்டேன். தண்ணீர் தாங்கும் தடித்த மரீன் பிளைவுட் வாங்கி, அதன் விளிம்புகளுக்கு ஈரம் ஏறாமல் மூன்று தரம் எபொக்சிப் பிசின் பூசினேன். போல்ட்டுகளுக்கு அடியில் உள்ளங்கையளவு இரும்புத் தகடு வைத்து இறுக்கினேன். கடைசியில் பெல்ட்டுகளைச் சோதித்துச் சான்று தருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. உதவிக்கு வரட்டுமா என்று தம்பி இரண்டு முறை செய்தி அனுப்பினான். பதில் போடவில்லை.

ஆனால் ஞாயிறு தோறும் கோவிலில் யாராவது கேட்பார்கள், தம்பி தந்த வண்டி எப்படி என்று. நல்லாய் ஓடுது என்பேன். அவன் பூசி மெழுகியதற்கு மேலே நானும் ஒரு பூச்சு. அவன் மானத்தை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பதுதான் எனக்கு மிகவும் கசந்தது.

வேலை முடிந்த வாரம் அவனே வந்தான். கையில் சான்ட்ரிங்ஹாம் பக்கத்து இந்தியக் கடையில் வாங்கிய மிக்சர். தரையை மிதித்துப் பார்த்தான், குனிந்து விளிம்பைத் தடவினான், என்னை விடத் திறமாய்ச் செய்திருக்கிறீர்கள் என்றான். ஒரு சுற்றுப் போவோமா என்று கேட்டான். எனக்கு மனம் இளகியது, பொய் சொல்ல மாட்டேன். எத்தனை நாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது? பேத்தி இருந்த இருக்கையைக் காட்டி, அதில் இரு என்றேன். இருந்தான். நான் முன்னால் ஏறி எஞ்சினைத் தொடக்கினேன்.

பெல்ட்டைக் கொழுவிவிட்டு, அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கண்ணாடியில் கண்டேன்.

"அக்கா," என்றான், "போல்ட்டெல்லாம் வடிவாய் இறுக்கிப் பாத்தனீங்களோ?"

பிள்ளைகளை ஏற்றிய அன்று அவன் வாயில் வராத கேள்வி. நான் எஞ்சினை நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டு, அவன் இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.