குதிரையா, காளையா, மாப்பிள்ளையா?

போன ஞாயிறு பாளையங்கோட்டையில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். பெண், என் பக்கத்து வீட்டு ஜெபராஜின் மகள் பெனிட்டா. தெருவின் பெரிய மனிதர் என்ற தகுதியில் (சிரிக்காதீர்கள்) நானும் ஆஜர்.

ஜெபராஜ், ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார். நல்ல மனுஷன். ஒரே ஒரு கோளாறு... இத்தாலிக்காரன் செய்த பழைய சூப்பர் கார் என்றால் பைத்தியம். அதிலும் குதிரைச் சின்னம் போட்டது. எண்பதுகளில் வந்த, பன்னிரண்டு சிலிண்டர் மாடல். நேரில் பார்த்திருக்கிறாரா? இல்லவே இல்லை. அவர் ஓட்டும் குட்டிக் காரை அம்பாசமுத்திரம் ரோட்டில் டவுன் பஸ்ஸே முந்தும்.

வருகிற மாப்பிள்ளைகளிடம் அவருக்கு ஒரே கேள்விதான் — "குதிரையா, காளையா?" காளை, போட்டிக் கம்பெனியின் சின்னம். கதவு மேலே தூக்கித் திறக்குமே, அந்தக் கார். ஒரு பேங்க் ஆபீசர், "எனக்குக் கார்ல இன்ட்ரஸ்ட் இல்ல, சார்" என்றார். போச்சு. இன்னொருவர் "காளை" என்றார். அவருக்குக் காபியே வரவில்லை.

பெனிட்டா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள். "அங்கிள், நானும் மாப்பிள்ளையும் போன்ல பேசிட்டோம். எனக்கு இவங்களப் பிடிச்சிருக்கு. அப்பா அந்தக் கேள்வியக் கேக்காமப் பாத்துக்கோங்க." கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

மாப்பிள்ளை சாம், திசையன்விளைக்காரன். துபாயில் ஓர் அரபி முதலாளியின் பழைய கார்களைப் பராமரிக்கும் மெக்கானிக். ஜெபம் முடிந்தது. அவர்கள் கொண்டுவந்த மஸ்கோத் அல்வாவை எடுத்தபடியே ஜெபராஜ் தயாரானார். நான் அவசரமாக மழையைப் பற்றி ஆரம்பித்தேன். எடுபடவில்லை.

"தம்பி... குதிரையா, காளையா?"

சாம் யோசிக்கவே இல்லை. "வேகத்துல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான் சார். ஓட்டுததுக்குக் குதிரை சுகம். ஆனா ஒரு பெல்ட் மாத்தணும்னா இன்ஜினையே வெளிய இறக்கணும். முதுகு ஒடிஞ்சிரும். வாங்கி வைக்கதுன்னா காளைதான். கொஞ்சம் காருதான் செஞ்சாங்க, அதான் மதிப்பு."

அடுக்களைக் கதவிடுக்கில் பெனிட்டாவின் முகம் வெளுத்துவிட்டது.

"காளையப் பத்தி உமக்கு என்ன வே தெரியும்?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ நான்தான் சார் ரிவர்ஸ் எடுக்கேன். கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. கதவத் தூக்கிட்டு, ஓரத்துல உக்காந்து, தலைய வெளிய நீட்டி, பையப் பைய பின்னால எடுக்கணும்."

"அப்போ... குதிரையவும் தொட்டிருக்கீரா?"

"அது பக்கத்து ஷெட்டுல நிக்கு, சார்."

ஜெபராஜ் அல்வாவைக் கீழே வைத்தார். "ரிவர்ஸ் எடுக்கத செஞ்சு காட்டும், பாப்போம்!"

சாம் சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்தான். மறு கைப்பிடியில் ஜெபராஜ். "கால எங்கன வைக்கணும்?" இருவரும் பின்னால் திரும்பிப் பார்த்தபடி, அந்தச் சோபாவை முழு மரியாதையோடு ரிவர்ஸ் எடுத்தார்கள். சாமின் அம்மா தட்டோடு ஓரமாக ஒதுங்கினார். யார் கண்டது, இடித்துவிட்டால்?

"மாப்ள, குதிரை கிளம்பும்போது சத்தம் எப்படி இருக்கும்?"

மாப்ள! சம்பந்தம் முடிந்தது. ஆண்கள் நாங்கள் இப்படித்தான். காணாத ஒன்றுக்காக வருஷக்கணக்கில் கட்சி கட்டுவோம். அதைத் தொட்டவன் ஒருத்தன் எதிரில் வந்தால் கட்சியாவது, கொள்கையாவது...

அரை மணி நேரம் சத்தம், வேகம், டயர் எல்லாம் பேசித் தீர்த்த பிறகுதான், பெண்ணிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை என்று உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஜெபராஜ் அவளைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்லுத?" என்றார்.

"எனக்கு ரெண்டு காரும் வேண்டாம்ப்பா. மெக்கானிக் போதும்."