கே-யும் என்-னும் சேர்ந்து வரும் சொற்கள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த லொட்ஜில் நானும் மகளும் ஒன்றரை வருடம் இருந்தோம். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணவர் லண்டனில். மகள் வயிற்றில் இருந்தபோது போனவர், அவளுக்கு நாலு வயதாகியும் படங்களில் மட்டுமே அவளைக் கண்டிருந்தார். விசாவுக்கு மற்றக் கடுதாசிகள் எல்லாம் சரி. நான் ஆங்கிலப் பரீட்சை பாஸ் பண்ணுவது ஒன்றுதான் மிச்சம். இரண்டு தரம் ஃபெயில் விட்டிருந்தேன்.

எங்கள் அறையின் மூன்றாவது கட்டிலில் இருந்தவளும் அதே பரீட்சைக்காக வன்னியிலிருந்து வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதமே புருஷன் லண்டன் போய்விட்டான். ஷெல் துண்டு பட்டதில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பேனை பிடித்தால் ஒரு பக்கம் எழுதவே அரை மணி நேரம் செல்லும். அதனால் வகுப்பில் இருவருக்குமாக நான்தான் ஒரே கொப்பியில் எழுதினேன். போட்டோக் கொப்பி எடுப்போம் என்று கதைப்போம். வாரா வாரம் புதுச் சொற்கள் சேர, முழுவதும் முடியட்டும் என்று விட்டுவிடுவோம்.

வகுப்பு கொட்டாஞ்சேனையில், ஒரு தையல் கடைக்கு மேலே. புறக்கோட்டையில் பஸ் மாறிப் போவோம். எழுத்து என்று ஒன்று இருந்தால் அதற்குச் சத்தமும் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். முதல் பரீட்சையில் கத்தியைக் ‘க்னைஃப்’ என்று வாசித்தேன். இரண்டாவதில், வாசித்துக் காட்டிய சொற்களைக் காதில் விழுந்தபடியே எழுதிவிட்டு வந்தேன்.

“அக்கா, கே-க்குப் பக்கத்திலை என் வந்தால் கே-யை எழுதுங்கோ, ஆனால் சொல்லாதேங்கோ” என்றார் டீச்சர்.

அப்படியே கொப்பியில் ஏற்றினேன். நீ என்றால் முழங்கால். நொட் என்றால் முடிச்சு. நொக், கதவைத் தட்டுவது. பிறகு டபிள்யூ-வும் ஆர்-உம் சேர்ந்தவை: ரிஸ்ட், மணிக்கட்டு. ரெக், உடைந்த கப்பல். பிறகு நடுவில் ஜி-யும் எச்-சும் ஒளிந்திருப்பவை: டோட்டர், மகள். ஃப்ரைட், திடுக்கிடும் பயம். பஸ்ஸில் அவள் தன் முழங்காலையும் மணிக்கட்டையும் தொட்டுத் தொட்டுப் பாடமாக்குவாள்.

“தெரியும் எண்டாலும் நோ, இல்லை எண்டாலும் நோ. இந்தச் சனம் எப்பிடியக்கா ஆளுக்காள் கதைக்குதுகள்?” என்று ஒருநாள் கேட்டாள். இருவரும் சிரித்தோம். அந்த நாட்களில் நான் சிரித்தது குறைவு.

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் கணவர் ஃபோன் எடுத்தார்.

“இந்த முறையும் சரிவரேல்லை எண்டால் என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லையப்பா. என்னாலை இனி ஏலாது.”

எதை ஏலாது என்கிறார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஃபோனை வைத்தேன். படித்ததெல்லாம் மண்டையிலிருந்து கழன்று போனதுபோல் இருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவள் குளிக்கப் போயிருந்தாள். கொப்பியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். காயப்போட்ட சேலைகளுக்கு நடுவே இருந்து பொழுது சாயும்வரை சத்தமாகப் படித்தேன். மகள் பசிக்குது என்று அழுதாள். “வாயைப் பொத்து” என்று அவளுக்கு அடித்தேன்.

கீழே வந்தபோது அறைத்தோழி கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

“கொப்பியைக் கண்டனீங்களே அக்கா?”

“பஸ்ஸிலை விட்டிட்டன் போல” என்றேன்.

தந்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? இருவரும் பாஸ் பண்ணக்கூடிய பரீட்சைதானே. ஆனால் இன்னும் ஒருமுறை, கடைசியாக ஒருமுறை, நான் மட்டும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. விடியவும் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுப் பார்த்தேன்.

பரீட்சையில் வாசித்துக் காட்டிய பத்துச் சொற்களில் நான்கு கொப்பியில் இருந்தவை. எனக்குப் பின்வரிசை வாங்கில் இருந்த அவளின் பேனை கீறுவதும் நிற்பதுமாகக் கேட்டது. வெளியே வந்ததும், “மணிக்கட்டுக்கு முன்னுக்கு என்ன எழுத்து?” என்று கேட்டாள். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பாஸ். அவள் எழுத்தில் மட்டும் ஃபெயில்.

விசா வந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. சூட்கேஸுக்குள் மகளின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன், “கொப்பியை நான் பஸ்ஸிலை விடேல்லை.”

“தெரியும். அண்டு ராத்திரியே உங்கடை தலைகாணிக்குக் கீழை கண்டனான்.”

“அப்ப ஏன் எடுக்கேல்லை? ஏன் கேக்கேல்லை?”

“நீங்கள் பொய் சொன்னாப் பிறகு என்னெண்டு கேக்கிறது?” என்றாள். இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள். “பிள்ளைக்கு அடிச்ச சத்தம் கீழை கேட்டது. உங்களுக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு விளங்கினது. அதாலை நான் ஃபெயில் விடுவன் எண்டு அப்ப நினைக்கேல்லை.”

கோபித்துக் கத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் சட்டைகளை மடித்து முடித்து, சூட்கேஸின் சிப்பை இழுத்து மூடித் தந்தாள்.

பிறகு அவள் இரண்டு தரம் எழுதினாள் என்று லொட்ஜ்காரர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். இரண்டாவதின் முடிவு வருமுன்னரே புருஷன் தொடர்பை விட்டுவிட்டானாம். அவள் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் எடுத்த ஃபோன்கள் எதற்கும் பதில் இல்லை.

என் கணவருக்கு இது எதுவும் தெரியாது. மூன்றாம் தரம் விடாமல் படித்துப் பாஸ் பண்ணினவள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விடுவேன்.